கிளிஃப் டான்ஸ்லி அடைத்த கதவு

சந்தைத் திடலில் நிற்கும் பழைய பாங்கை வரைந்தவர், பணம் போட வருகிறவன் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே வரட்டும் என்று நினைத்துத்தான் வரைந்திருக்க வேண்டும். சிவப்புச் செங்கலில் மூன்று மாடி. மாடிக்கு மாடி குறுக்கே வெள்ளைக் கல் பட்டை. உச்சியில் படிப்படியாக ஏறி இறங்கும் டச்சுக்காரர் பாணி முகப்பு; எங்கள் ஊரான சால்டர்ஸ்பியில் டச்சுக்காரர் எவரும் குடியிருந்ததாகத் தகவல் இல்லை. வாசலுக்கு மேலே சுடுமண்ணில் ஒரு தேன்கூடு, சுற்றிலும் தேனீக்கள். சேமிப்பின் அடையாளமாம். தேனை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதை மட்டும் காட்டாமல் விட்டுவிட்டார்கள். ஜன்னல்கள் ஆளுயரத்துக்கு மேலேதான் தொடங்கும், எட்டிப் பார்க்க முடியாது. வாசலுக்குப் போக ஏழு கற்படிகள். 1884-இல் கட்டியபோது, ஏழு படி ஏற முடியாதவனுக்குப் பாங்கில் என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள்.

பாங்க் 2017-இல் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. இனிமேல் எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். இப்போது அங்கே நூலகம் இருக்கிறது.

நான் நோரா. எங்கள் ஊர்ப் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊர்க்காரர்களைச் சகித்துக்கொண்டதற்குக் கிடைத்த பதவி இது. எங்களைக் கேட்காமல் மாவட்டக் கவுன்சில் ஒரு பழைய செங்கல்லைக்கூடத் தொடாது. அந்தக் கர்வம் எங்களுக்கு உண்டு. அதனால்தான் கிளிஃப் டான்ஸ்லியைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது.

கிளிஃப் பிறந்தது காஸ் தெருவில். இன்றைக்கும் அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார். எழுபத்தாறு வருஷத்தில் அவர் கடந்து வந்த தூரம் அவ்வளவுதான். அப்பா சர்க்கரை ஆலையில் பீட்ரூட் கழுவியவர். மகன் பதினைந்து வயதில் கரணையைக் கையில் எடுத்தார், அறுபத்து மூன்றில்தான் கீழே வைத்தார். ஊரில் அந்தக் காலத்தில் எழும்பிய சுவர்களில் பாதி அவர் கை பட்டவை: கவுன்சில் வீடுகள், தீயணைப்பு நிலையம், பஸ் ஸ்டாண்டுப் பொதுக் கழிப்பறை. கழிப்பறையை இடிக்க வந்த இயந்திரம் இரண்டு நாள் திணறியது. அதை அவர் ராணி கையால் பதக்கம் வாங்கியதுபோலச் சொல்லுவார்.

அடுத்தவன் கட்டிய சுவரைத் தாண்டி அவரால் பேசாமல் போக முடியாது. நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "எவன் கட்டுனது இது? ரசமட்டத்தை வீட்லயே வச்சுட்டு வந்துட்டானா?" என்பார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவார். இந்தப் பழக்கத்தால் காஸ் தெருவில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை.

மனைவி பெரில். பட்டாணியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். அந்த இயந்திரச் சத்தத்தில் பேசிப் பேசி, அவள் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். விஸ்ட் என்கிற சீட்டாட்டத்தில் பதினோரு வருஷம் மாவட்டக் கோப்பையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தாள்.

இனி 1971-க்குப் போக வேண்டும். அப்போது பாங்கின் பக்கவாட்டில், மில் தெருவைப் பார்த்த சுவரில், ஒரு கதவு இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு மேனேஜருக்குக் காலில் வாதம். ஏழு படி ஏற முடியவில்லை. மில் தெரு மேடாக ஏறுவதால் அந்த இடத்தில் தெருவும் பாங்கின் தரையும் ஒரே மட்டம். மனிதர் யாரையும் கேட்கவில்லை, சுவரைக் குடைந்து கதவு வைத்துக்கொண்டார். மேனேஜரின் கால் என்றால் 1884-ஆம் வருஷத்துச் சுவரும் வழிவிடும். பின்னால் பக்கத்து ஊர்ப் பாங்கில் கொள்ளை போனதும், மேலிடத்திலிருந்து கதவை அடைத்துவிட உத்தரவு வந்தது. வேலை கிளிஃபுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

"இங்க ஒரு கதவு இருந்துச்சுன்னு எந்தத் திருடனுக்கும் தெரியக்கூடாது, தம்பி" என்றார் அப்போதைய மேனேஜர்.

மற்றவர்கள் இதையெல்லாம் பேச்சுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்வார்கள். கிளிஃப் அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த மாதம் காஸ் தெருவில் ஒரு பழைய சர்ச் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். பாங்க் கட்டிய அதே வருஷம், அதே சூளைக் கல். அந்தக் குவியலில் உட்கார்ந்து நிறம் பார்த்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினார். ஊரே சிமெண்ட் குழைத்த காலத்தில் இவர் சுண்ணாம்புச் சாந்து அரைத்தார். உள்ளே இருந்த ஓக் மரக் கதவை எடுக்காமல் அப்படியே விட்டு, உட்பக்கம் பலகை அடித்துச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டு, தெருப்பக்கம் செங்கல்லை எழுப்பினார். நீளக் கல் ஒன்று, குட்டைக் கல் ஒன்று என்று மாறி மாறி வைத்து, பழைய சுவரின் வரிசையோடு மயிரிழை பிசகாமல் கோத்தார். கடைசியில் புகைக்கரியைக் கரைத்துப் பூசி, போகப்போகப் பாசி ஏறட்டும் என்று புளித்த பாலையும் தடவினார். திங்கட்கிழமை மேனேஜர் வந்து சுவரை இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "கதவு எந்த இடத்துலய்யா இருந்துச்சு?" என்று கேட்டாராம்.

ஒரே ஒரு பிசகு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளிஃப் மதுக்கடைக்குப் போனார். அந்த நாளில் இரண்டரை மணிக்குக் கடை சாத்திவிடுவார்கள் என்பதால் எல்லோரும் அவசரமாகத்தான் குடிப்பார்கள். மூன்று கோப்பை பீர் உள்ளே போனபின் திரும்பி வந்து, மேலிருந்து நான்காவது வரிசையில் இரண்டு குட்டைக் கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். கண்ணில் பட்டது திங்கட்கிழமைதான். அதற்குள் சாந்து பிடித்துவிட்டது.

1987-இல் அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்து பாங்கைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார். மில் தெருச் சுவருக்குத் தனியாக ஒரு வரி எழுதினார்: கை படாத மூலச் செங்கல் வேலை.

1994-இல் ரூபர்ட் ஹாலிடே லண்டனிலிருந்து குடிவந்தார். கட்டடக் கலை வரலாறு படிப்பித்தவர். ஊரார் அவரைப் புரொபசர் என்பார்கள். அவர் புரொபசர் இல்லை, ஆனால் ஒருநாளும் மறுத்ததில்லை. இரண்டே வருஷத்தில் எங்கள் சங்கத்தின் தலைவரானார். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊர்க்காரர்களைக் கட்டடம் பார்க்க நடத்திக்கொண்டு போவார். நாற்பது பேரும் மழைக்கோட்டோடு மில் தெருவில் நிற்க, கைத்தடியால் சுவரைக் காட்டுவார்.

"என் தடி தொடுற வரிசையைப் பாருங்க. ரெண்டு குட்டைக் கல் சேர்ந்து இருக்கு. தப்புன்னு நினைச்சுடாதீங்க. குறையில்லாதவர் கடவுள் மட்டும்தான்னு நம்பின ஒரு பெரிய கலைஞன், தன் வேலையில தெரிஞ்சே விட்ட குறை இது. அவன் பேர்கூட நமக்குத் தெரியாது."

கூட்டத்தின் கடைசி வரிசையில் கிளிஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அவருக்கு அவ்வளவு பக்தியா என்று நான் வியந்ததுண்டு. ஒரு செப்டம்பர்கூட அவர் வராமல் இருந்ததில்லை. காய்ச்சலோடுகூட வந்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும் பெரில் கேட்பாளாம்: "வந்துட்டாரு பெரிய கலைஞன். அன்னைக்கு உன் மேல அடிச்ச பீர் நாத்தத்துக்கு அந்தக் கடவுளே மூக்கப் பொத்தியிருப்பாருய்யா."

"சத்தமாப் பேசாத பெரிலு. வெளிய தெரிஞ்சா நிறுத்திருவாங்க" என்பாராம் கிளிஃப். வாயைத் திறந்தால் புகழ்ச்சி நின்றுவிடும். அதனால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. செத்த பிறகு கிடைக்கிற மரியாதையை உயிரோடு நின்று கேட்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? ஆசைதான், வேறொன்றுமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பெரிலுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலி வந்தது. இருந்தாலும் வியாழக்கிழமை மத்தியானம் சர்ச் கூடத்தில் அவள் சீட்டாட்டம் நிற்கவில்லை; ஒரு கையால் பிடித்து எல்லோரையும் தோற்கடித்தாள். பிறகு சர்ச் கூடத்தின் கூரை ஒழுகி விழுந்தது. சீட்டாட்டத்தைப் பழைய பாங்குக்கு மாற்றினார்கள். ஏழு படி.

முதல் வியாழக்கிழமை நாலு ஆண்கள், நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்று சட்டையை மடித்துக்கொண்டு வந்தார்கள்.

"என்னைய நாலு பேரு தூக்குற நாள் ஒண்ணு வரும். அன்னைக்கு வாங்க, மறுக்க மாட்டேன்" என்றாள் பெரில். "அதுவரைக்கும் நான் உருண்டு போறேன். வண்டியத் திருப்புய்யா."

அதன்பின் வியாழக்கிழமைகளில் சமையலறை மேஜையில் நாலு பேருக்கும் சீட்டுப் போட்டு, நாலு பேருக்கும் அவளே ஆடினாள். அதிலும் மூன்று பேரை ஏமாற்றினாள் என்று கிளிஃப் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தபோது சிரிப்பு இல்லை.

"நோராம்மா, அவ சீட்டுக் கட்டையே எடுக்க மாட்டேங்கறா. மூணு வியாழக்கிழமை ஆச்சு. வாயும் தொறக்கறதில்ல. பெரிலு பேசாம இருந்து நீங்க எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. எனக்கே பயமாக இருந்தது.

"மில் தெருப் பக்கம் ஒரு கதவு இருக்கு. நான்தான் அடைச்சேன். தெறந்துட்டா ஒரு படி கெடயாது, நேரா உள்ள போயிரலாம்."

நான் தேநீரைக் கீழே வைத்தேன். "எந்தச் சுவரு, கிளிஃப்?"

"அந்தச் சுவருதான். உங்க புரொபசரு கம்பால குத்திக் குத்திக் காட்டுவாரே, அதே சுவரு."

சங்கக் கூட்டத்தில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். புளித்த பாலையும் விடவில்லை, பீரையும் விடவில்லை. நாங்கள் ஒன்பது பேர் பிஸ்கட் சாப்பிட்டபடி கேட்டோம். ரூபர்ட் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். எங்கள் ஊரில் மரியாதை கூடக் கூட ஆபத்து அதிகம்.

"ரொம்ப சுவாரஸ்யமான நினைவு, மிஸ்டர் டான்ஸ்லி" என்றார். பொய் என்று சொல்ல எங்களுக்கு வேறு வார்த்தை கிடையாது. "ஆனா 1884 வரைபடத்துல அங்க கதவு இல்லையே. போன மாசம் நானே பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். கல்லு அந்த வருஷத்துக் கல்லு. சாந்து சுத்தமான சுண்ணாம்பு. மன்னிச்சுக்கணும், எழுபத்தொண்ணுல இந்த நாட்டுல இப்படி வேலை செய்ய ஒரு ஆள்கூட இல்லை."

"ஒரு ஆள் இருந்தான்ங்க" என்றார் கிளிஃப்.

யாரோ இருமினார்கள். ஓட்டெடுப்பு நடந்தது. கதவு வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்து ஒன்பது கைகள். அதில் ஒன்று என் கை. ஏன் தூக்கினேன் என்றால் மற்ற எட்டும் தூக்கியிருந்தன. அதற்கு மேல் எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

மறுநாள் பெரில் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சீட்டுக்கட்டு எங்கேயும் கண்ணில் படவில்லை.

"வாடி நோரா. கையத் தூக்குனியாமே. வலி இல்லயே?"

"பெரில், புரொபசர் ஆதாரத்தோட சொல்றாரு..."

"என் புருஷன் வேலை அவ்வளவு சுத்தம். அதனால அவன் பொய்யன். நல்லா இருக்குடி உங்க நியாயம்." அவள் குரல் உடைந்தது. அதுவரை நான் அதைக் கேட்டதில்லை. "இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டு எத்தன வருஷம் உக்காந்திருப்பேன்? ரெண்டு கல்ல உருவிப் பாருங்க. உள்ள கதவு இருந்தா கதவு. இல்லாட்டி நான் வாயப் பொத்திக்கிறேன். எழுதிக்க, நீதான செக்ரட்டரி."

எழுதிக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில், இரண்டே கல்லை எடுத்துப் பார்த்து விவகாரத்தை முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். தான் ஜெயிக்கப் போவது உறுதி என்பதால் ரூபர்ட் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும்: பழஞ்சுவர் வேலையில் சான்றிதழ் பெற்ற நிபுணர்தான் தொட வேண்டும். கிளிஃபிடம் சான்றிதழ் கிடையாது. ஆகவே சுவரைக் கட்டியவரைத் தடுப்பு நாடாவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, லிங்கன் நகரத்திலிருந்து டாம்சின் என்கிற பெண்ணை வரவழைத்தோம்.

நல்ல பெண். மெல்லிய உளியால் ஒரு மணி நேரம் சுரண்டினாள். சாந்து அசையவில்லை. "இவ்வளவு நல்ல வேலைய உடைக்க மனசு வரலீங்க" என்றாள். ரூபர்ட் பெருமையோடு எங்களைப் பார்த்தார்.

கிளிஃபால் பொறுக்க முடியவில்லை. "கண்ணு, நடுவுல போய்க் குடையாத. மேல நாலாவது வரிசை, ரெண்டு குட்டைக் கல்லு சேந்து இருக்கு பாரு, அங்க ஆரம்பி. அங்க சாந்து கொஞ்சம் இளக்கம். அன்னைக்கு நானும் கொஞ்சம் இளக்கமாத்தான் இருந்தேன்."

பத்து நிமிஷத்தில் இரண்டு கல்லும் கையோடு வந்தன. டாம்சின் விளக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். உள்ளே பச்சை வர்ணம் அடித்த ஓக் மரம்.

நான் கிளிஃபைப் பார்த்தேன். ஜெயித்தவர் முகம் மாதிரியே இல்லை. அவர் சுவரில் விழுந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் திரும்பக் கூடியது. கிளிஃப் ஓரத்து நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூபர்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: மேற்படிச் சுவர் 1971-ஆம் ஆண்டின் நவீனத் திருத்தம், உள்ளூர் கட்டட வேலையாள் ஒருவர் செய்தது, கலை மதிப்போ வரலாற்று மதிப்போ இல்லை, அகற்ற ஆட்சேபம் இல்லை.

அதே சுவர். அதே கல், அதே சுண்ணாம்பு. போன மாதம்வரை அதைத் தொட்டால் கையை ஒடிப்போம் என்றவர்கள் நாங்கள். கட்டியவர் செத்துப்போன யாரோ இல்லை, காஸ் தெரு கிளிஃப் என்று தெரிந்ததும் நாலு நிமிஷத்தில் அதற்கு ஒரு காசு பெறாது என்று முடிவு செய்துவிட்டோம். ஒன்பது கைகள் உயர்ந்தன. பெரிலுக்குக் கதவு வேண்டும், அதனால் நானும் தூக்கினேன். சரியான பக்கம்தான் ஓட்டுப் போட்டேன், ஆனால் முதல் தடவையைவிட இந்தத் தடவைதான் எனக்குக் கூசியது.

ரூபர்ட் போய்க் கிளிஃபின் கையைக் குலுக்கினார். "பார்த்தீங்களா மிஸ்டர் டான்ஸ்லி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அது ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடுச்சு."

"ஆமாங்க" என்றார் கிளிஃப். "ஒண்ணுமில்ல."

மதிப்பில்லாத சுவரை இடிக்கச் சான்றிதழ் தேவையில்லை. எனவே கவுன்சில் அனுமதி வந்த வாரமே கிளிஃப் தாமே உளியோடு போனார். மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, சாந்தைச் சுரண்டி, ஓரமாக அடுக்கினார். ஒரு கல்கூட உடையவில்லை. நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மூடச் சொன்னாங்க, மூடுனேன். இப்ப அவ தெறக்கச் சொல்றா" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தார்.

வியாழக்கிழமை வந்தது. பெரில் தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, மடியில் சீட்டுக்கட்டோடு வந்தாள். சங்கச் செய்தி மடலுக்குப் படம் எடுப்பதற்காக ரூபர்ட் காமிராவோடு கதவருகே நின்றார். கிளிஃப் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் நிலைப்படியைத் தொட்டதும் பெரில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். உள்ளே சீட்டு மேஜையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"புரொபசரே, இங்க இருந்த சுவர நீங்க எத்தன வருஷமாப் பாத்தீங்க?"

"இருபத்தெட்டு வருஷமா, மிஸஸ் டான்ஸ்லி."

"எப்படி இருந்துச்சு?"

ரூபர்ட் காமிராவை இறக்கினார். அவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் மனிதர் அப்போது பொய் சொல்லவில்லை.

"அழகா இருந்துச்சு" என்றார்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவருகிட்டச் சொல்லுங்க." பெரில் ஒற்றைக் கையால் சக்கரத்தைப் பிடித்தாள். நான் ஓடிப்போய் நாற்காலியை உள்ளே தள்ளினேன். "என்னடி எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி முழிக்கிறீங்க? சீட்டப் போடுங்க" என்ற அவள் சத்தம் அந்த உயரமான கூடம் முழுக்க எழும்பியது.

வெளியே ரூபர்ட் கிளிஃப் பக்கம் திரும்பினார். "சுவர் ரொம்ப அழகா இருந்துச்சு, மிஸ்டர் டான்ஸ்லி."

"தெரியுங்க" என்றார் கிளிஃப்.